நுரையீரல் புதிது, கிருமி பழசு

சிறுநீருக்கோ சளிக்கோ கல்ச்சர் டெஸ்ட் எடுத்தவர்களுக்கு அந்த ரிப்போர்ட் நினைவிருக்கும். ஒரு பக்கம் ஆன்டிபயாடிக் பெயர்கள் வரிசையாக இருக்கும். எதிரே எஸ் அல்லது ஆர் என்று ஓர் எழுத்து. எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி கேட்கும், ஆர் என்றால் கேட்காது. ஒன்றிரண்டு ஆர் வந்தாலே நமக்கு வயிற்றைக் கலக்கும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோயோடு இருபது முப்பது வருடம் வாழ்ந்தவர்களின் சளி ரிப்போர்ட்டில் மேலிருந்து கீழ்வரை ஆர் மட்டுமே இருப்பது உண்டு. அவர்களில் சிலர் அந்தத் தாளோடுதான் நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குப் போகிறார்கள்.

கெட்டுப்போன நுரையீரலையே எடுத்து வெளியே போட்டுவிட்டால் அதிலிருந்த கிருமியும் அதோடு போய்விடாதா? இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. போகாது. ஏன் போகாது என்பது ஒரு கதை. அதைவிடச் சுவையான இன்னொன்றும் இருக்கிறது: தாள் முழுக்க ஆர் இருந்தும் சிலருக்கு மருத்துவர்கள் தயங்காமல் ஆபரேஷன் செய்கிறார்கள், வேறு சிலரைப் பல மருத்துவமனைகள் காத்திருப்போர் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. ஆர் எத்தனை என்று எண்ணி எடுக்கும் முடிவு இல்லை இது. அந்தத் தாள் எந்தக் கிருமியுடையது என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

முதலில் நோயைப் பார்த்துவிடலாம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பிறவியிலேயே வரும் மரபு நோய். அப்பா, அம்மா இருவரிடமும் ஒரு மரபணுவின் பழுதான பிரதி ஒன்று ஒளிந்திருக்கும். நல்ல பிரதி ஒன்றும் கூடவே இருப்பதால் அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. இருவரிடமிருந்தும் பழுதான பிரதியே குழந்தைக்கு வந்துசேர்ந்தால் நோய் வரும். ஒவ்வொரு பிரசவத்திலும் அதற்கு நாலில் ஒரு வாய்ப்பு. ஏழாவது குரோமோசோமில் இருக்கும் அந்த மரபணுவை லாப்-சீ சுய், ஜான் ரியோர்டன், ஃபிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் 1989-இல் அடையாளம் கண்டன.

அந்த மரபணு செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் ஒரு சின்ன வாசலைக் கட்டுகிறது. உப்பின் ஒரு பாதியான குளோரைடு அதன் வழியே போய்வரும். உப்பு போகும் பக்கம் தண்ணீரும் போகும். ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கி உப்புப் போட்டு மூடி வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் விட்டிருக்குமே, அதே விஷயம்தான். மூச்சுக்குழாயின் உட்புறத்தில் இந்த வாசல் சரியாகத் திறந்தால் மேற்பரப்பு ஈரமாக இருக்கும், சளி இளகி நகரும். வாசல் கெட்டுவிட்டால் சளி காய்ந்து கோந்துபோல் ஒட்டிக்கொள்ளும். கணையத்தின் குழாய்களும் இதேபோல அடைத்துக்கொள்வதால் சாப்பாடு செரிக்காது, குழந்தை தேறாது. 1938-இல் நியூயார்க்கில் டாரதி ஆண்டர்சன் இந்த நோயை விவரித்தபோது கணையத்தில் கண்ட நீர்க்கட்டிகளையும் தழும்பையும் வைத்துத்தான் பெயரிட்டார். ஆனால் இன்று பெரும்பாலும் உயிரைப் பறிப்பது நுரையீரல்தான்.

வியர்வையில் மட்டும் கதை தலைகீழ். அங்கே இதே வாசல் வெளியே போகும் உப்பைத் திரும்ப உள்ளே இழுக்க வேண்டும். இழுக்க முடியாததால் இந்தக் குழந்தைகளின் வியர்வை கரிக்கும். 1948 கோடையில் நியூயார்க்கை வெயில் வாட்டியபோது மயங்கி விழுந்து மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் பலருக்கு இந்த நோய் இருந்ததைப் பால் டி சான்ட் அக்னீஸ் என்ற மருத்துவர் கவனித்தார். இன்றும் நோயை உறுதிசெய்ய முதலில் செய்யும் சோதனை வியர்வையில் உப்பை அளப்பதுதான்.

ஐரோப்பிய வம்சாவளியினரிடம்தான் இது அதிகம். இந்தியாவில் கிடையவே கிடையாது என்று ரொம்ப காலம் நம்பினார்கள். இங்கும் இருக்கிறது, பல குழந்தைகளுக்குக் கண்டுபிடிக்கப்படாமலே போய்விடுகிறது. மேற்கே மிகப் பரவலாக உள்ள எஃப்508டெல் என்ற பழுது இந்திய நோயாளிகளிடம் அந்த அளவுக்கு இல்லை என்பதையும் ஓரமாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, கிருமிக்கு வருவோம்.

நாம் ஒவ்வொரு மூச்சிலும் தூசியோடு கிருமிகளையும் இழுக்கிறோம். மூச்சுக்குழாயில் உள்ள நுண்ணிய மயிரிழைகள் சளியைத் துடுப்புப் போடுவதுபோல் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். தொண்டைக்கு வந்ததை நமக்கே தெரியாமல் விழுங்கிவிடுவோம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நுரையீரலில் அந்தத் துடுப்புகள் காய்ந்த சேற்றில் மாட்டிக்கொள்கின்றன. வந்த கிருமி அங்கேயே தங்கிவிடுகிறது. சின்ன வயதில் பெரும்பாலும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ். வளர வளர சூடோமோனாஸ் ஏருஜினோசா வந்து இடத்தைப் பிடிக்கும்.

சூடோமோனாஸ் அபூர்வக் கிருமியொன்றும் இல்லை. கைகழுவும் தொட்டியின் வடிகுழாய், ஷவர், ஈரமண் என்று தண்ணீர் நிற்கும் இடமெல்லாம் இருக்கும். நல்ல நுரையீரல் உள்ளவர்களை அது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. ஆனால் இந்தக் கெட்டிச் சளிக்குள் புகுந்ததும் அது தன்னைச் சுற்றி ஆல்ஜினேட் என்ற வழுவழுப்பான பொருளைச் சுரந்து கூட்டமாக ஒட்டிக்கொள்ளும். இரண்டு நாள் கழுவாத பாசிப் பாத்திரத்தின் உட்புறத்தைத் தடவினால் வழுக்குமே, ஏறக்குறைய அப்படி ஒரு படலம். அதன் ஆழத்தில் ஆக்ஸிஜன் குறைவு. அங்கே உள்ள கிருமிகள் பெருகாமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும். வேகமாகப் பெருகும் கிருமியைத்தான் பல ஆன்டிபயாடிக்குகளால் நன்றாகக் கொல்ல முடியும். தூங்குகிற கிருமியை மருந்து தொட்டாலும் அது சாவதில்லை.

இத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. நெஞ்சுச்சளி முற்றும் ஒவ்வொரு முறையும் நோயாளிக்கு இரண்டு வாரமாவது நரம்பு வழியே இரண்டு ஆன்டிபயாடிக் ஏற்றுவார்கள். இடையிடையே நெபுலைசரில் டோப்ராமைசின், அஸ்ட்ரியோனம், கோலிஸ்டின் என்று மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். (நெபுலைசர் வழி டோப்ராமைசினுக்கு 1997-இல் அமெரிக்கா அனுமதி தந்தது பெரிய திருப்பம்.) இந்த நோயுள்ளவர்களின் உடல் பல மருந்துகளை மற்றவர்களைவிட வேகமாக வெளியேற்றிவிடுவதால் அளவும் கூட்டித் தர வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பெரும்பான்மைக் கிருமி சாகும். தப்பித்தவை அடுத்த தலைமுறையைப் பெறும். ஒன்று மருந்தை வெட்டும் நொதியை அள்ளிக் கொட்டும். இன்னொன்று உள்ளே வந்த மருந்தைப் பம்பு வைத்து இறைத்து வெளியே ஊற்றும். மற்றொன்று மருந்து நுழையும் வாசலையே அடைத்துவிடும். பல வருடத்தில் இவையெல்லாம் ஒரே கிருமியில் வந்து சேர்ந்துவிடுகின்றன.

ஸ்பெயினைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஒரு கண்டுபிடிப்பு என்னை உட்காரவைத்தது. முப்பது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் சூடோமோனாஸை எடுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களிடம் இருந்த கிருமியில் மரபணுப் பிழையைத் திருத்தும் வசதியே கெட்டிருந்தது. எழுத்துப்பிழை திருத்துபவரை வேலையைவிட்டு அனுப்பிய அச்சகம் மாதிரி. ஒவ்வொரு பிரதியிலும் பிழை மலியும். அந்தப் பிழைகளில் ஏதோ ஒன்று மருந்திலிருந்து தப்பிக்க உதவிவிட்டால் போதும். இந்த நோய் இல்லாத, திடீர்த் தொற்றோடு வந்த மற்றவர்களிடம் அப்படிப்பட்ட கிருமி ஒன்றுகூட அகப்படவில்லை. வருடக்கணக்கில் ஒரே இடத்தில் குடியிருந்து மருந்துமழையில் நனைவதுதான் இப்படி ஒரு பிறவியை வளர்க்கிறது.

அப்படியானால் ஆன்டிபயாடிக்கை அள்ளிக் கொடுத்ததுதானே தப்பு என்று யாராவது கேட்கலாம். 1950களில் இந்தக் குழந்தைகள் பள்ளிக்கூட வயதை எட்டுவதே அபூர்வம். மருந்து கொடுக்காமல் இருந்திருந்தால் எதிர்ப்பு வளர நோயாளி உயிரோடு இருந்திருக்க மாட்டார். சளிக்காய்ச்சலுக்குக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவதோடு இதை ஒப்பிடுவது நியாயமில்லை.

அந்தத் தாளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே ஆளின் ஒரே நாள் சளியிலிருந்து பல விதமான சூடோமோனாஸ் வளரும், ஒன்றுக்கு எஸ், பக்கத்திலிருப்பதற்கு ஆர். ஆய்வகம் தட்டில் வளர்த்துச் சோதிப்பது சுதந்திரமாக நீந்தும் கிருமியை. நுரையீரலில் இருப்பது படலத்துக்குள் பதுங்கிய கிருமி. மறுபக்கம், நெபுலைசரில் இழுக்கும்போது மூச்சுக்குழாயில் சேரும் மருந்தின் செறிவு ரத்தத்தில் எட்டக்கூடியதைவிடப் பல மடங்கு. ஆக ஆர் என்று போட்ட மருந்தும் சில சமயம் வேலை செய்யும், எஸ் என்று போட்டதும் கைவிடும். எந்த மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமி சாகும் என்று ஆய்வகத்தில் கூட்டணி பார்த்துத் தேர்ந்தெடுக்கும் சோதனையும் இருக்கிறது. அப்படித் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர்கள் வழக்கமான முறையில் மருந்து பெற்றவர்களைவிட நன்றாகத் தேறவில்லை என்று 2005-இல் கனடா மருத்துவர்கள் தலைமையிலான ஒரு சோதனை காட்டியது. எனக்கு இது ஒரு பக்கம் ஏமாற்றம், ஒரு பக்கம் ஆறுதல். தாளில் உள்ள எழுத்து தலையெழுத்து இல்லை.

புது வீடு

மருந்துகள் எல்லாம் சேர்ந்தும் நுரையீரல் தேய்ந்துகொண்டே போனால், கடைசியில் இருப்பது மாற்று அறுவை. மனிதரில் முதல் நுரையீரல் மாற்று 1963-இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் நடந்தது. அந்த நோயாளி 18 நாள் வாழ்ந்தார். அதன்பின் இருபது ஆண்டு தோல்விகளுக்குப் பிறகு 1983-இல் டொரொன்டோவில் ஜோயல் கூப்பர் குழு ஒற்றை நுரையீரல் மாற்றில் வெற்றி கண்டது. 1986-இல் அதே குழு இரண்டு நுரையீரலையும் மாற்றியது. அந்த இரண்டாவது முன்னேற்றம்தான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளுக்குக் கதவைத் திறந்தது. மற்ற சில நுரையீரல் நோய்களில் ஒன்றை மட்டும் மாற்றி, பழையதை உள்ளேயே விட்டுவிடலாம். இங்கே முடியாது. விட்டுவைத்த பழைய நுரையீரலில் உள்ள சீழும் கிருமியும் பக்கத்திலிருக்கும் புதியதில் போய் இறங்கிவிடும்.

புது நுரையீரலில் இருப்பது தானம் தந்தவரின் மரபணு. அதன் வாசல்கள் ஒழுங்காகத் திறக்கும், சளி இளகியிருக்கும். எனவே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அந்த நுரையீரலுக்குள் திரும்ப வருவதில்லை. வெட்டித் தைக்கும் கோட்டுக்குக் கீழே புது ஆள். மேலே பழைய ஆளேதான். பெரிய மூச்சுக்குழாய், மூக்கு, கன்ன எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறைகள் எல்லாம் நோயாளியுடையவை. அங்கெல்லாம் அதே கெட்டிச் சளி, அதே சூடோமோனாஸ். ஆபரேஷன் முடிந்து சில வாரங்களிலோ மாதங்களிலோ புது நுரையீரலில் சூடோமோனாஸ் தென்படும்போது மரபணுச் சோதனை செய்து பார்த்தால், பெரும்பாலும் அது வெளியிலிருந்து வந்த புதியவன் இல்லை. மாடியில் குடியிருந்த பழைய ஆள் கீழே இறங்கி வந்திருப்பான்.

இறங்கி வருகிறவனுக்கு இப்போது வசதி அதிகம். உடல் புது உறுப்பைப் பிறத்தியாராக நினைத்துத் தாக்காமல் இருக்க டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், ஸ்டீராய்டு என்று எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். அடங்குவது உறுப்பைத் தாக்கும் கோபம் மட்டுமில்லை, கிருமியைத் தாக்கும் கோபமும்தான். மாற்றும்போது நரம்புகள் வெட்டுப்படுவதால் புது நுரையீரலில் சளி சேர்ந்தால் இருமல் உணர்ச்சி சரியாக வருவதில்லை. அப்புறம், சிறுநீரகமோ கல்லீரலோ உடலுக்குள் மூடிய அறையில் இருக்கிறது. நுரையீரலோ வாசற்கதவு எப்போதும் திறந்திருக்கும் வீடு.

மருந்துகளும் ஒன்றுக்கொன்று இடிக்கும். டாக்ரோலிமஸ் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆர் நிறைந்த தாளில் கடைசியாக மிஞ்சும் அமிக்காசின், டோப்ராமைசின், கோலிஸ்டின் போன்றவையும் சிறுநீரகத்தைத்தான் கெடுக்கும். இவற்றில் முதல் இரண்டும் சேர்ந்த அமினோகிளைகோசைடு வகை காதையும் விடாது. சிறுவயது முதல் இந்த மருந்துகளை ஏற்றிக்கொண்டவர் ஆபரேஷன் மேஜைக்கு வரும்போதே சிறுநீரகமும் செவியும் பாதி தேய்ந்திருக்கும். போதாக்குறைக்குப் பலருக்குப் பென்சிலின் குடும்ப மருந்துகள் ஒவ்வாது. மிகச் சிறிய அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி உடலைப் பழக்கித்தான் அவற்றை ஏற்ற வேண்டியிருக்கும்.

அதனால் வேலை ஆபரேஷனுக்கு ரொம்ப முன்பே தொடங்குகிறது. தானம் எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு அழைப்பு வரலாம். அப்போது உட்கார்ந்து யோசிக்க நேரமிருக்காது. ஆகவே காத்திருக்கும் காலத்தில் சில மாதத்துக்கு ஒருமுறை சளியைச் சோதித்து, இன்றைக்கு அழைப்பு வந்தால் இந்த இந்த மருந்து என்று ஒரு பட்டியலைத் தயாராக வைத்திருப்பார்கள். ஆபரேஷன் நடக்கும்போதே மருந்து ஏறிக்கொண்டிருக்கும். பழைய நுரையீரலை எடுத்த பிறகு நெஞ்சுக்கூட்டையும் மிச்சமிருக்கும் மூச்சுக்குழாயையும் கழுவுவார்கள். முடிந்ததும் வாரக்கணக்கில் மருந்து, கூடவே நெபுலைசர். மூக்கையும் சைனஸையும் உப்புநீரால் கழுவுவது அன்றாடக் கடமை ஆகிவிடும். சில மையங்கள் சைனஸிலேயே அறுவை செய்து சுத்தம் செய்கின்றன.

இவ்வளவும் செய்தால், எல்லா மருந்துக்கும் ஆர் போட்ட சூடோமோனாஸ் இருந்தாலும் பலர் நன்றாகவே தேறுகிறார்கள். மருந்து கேட்கும் கிருமி உள்ளவர்களைவிடக் கொஞ்சம் பின்தங்கலாம், ஆனால் கதவை மூடும் அளவுக்கு இல்லை என்பது பெரிய மையங்களின் அனுபவம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்காக நுரையீரல் மாற்றிக்கொண்ட பெரியவர்களில் பாதிப்பேர் ஏறத்தாழ பத்தாண்டு வாழ்கிறார்கள். மற்ற நுரையீரல் நோயாளிகளோடு ஒப்பிட்டால் இது நல்ல கணக்கு. இவர்கள் வயதில் இளையவர்கள் என்பதும் ஒரு காரணம். செஃப்டோலோசேன்-டாசோபாக்டம், செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்று புது மருந்துகளும் வந்திருக்கின்றன. எனக்குப் பிடித்தது செஃபிடெரகால். கிருமிக்கு இரும்புச்சத்து உயிர்; வெளியே கிடைக்கும் இரும்பைக் கவ்வி இழுக்க அதற்குத் தனி வழி உண்டு. இந்த மருந்து இரும்பைப் பற்றிக்கொண்டு அந்த வழியாகவே உள்ளே போகிறது. மற்ற வாசலை அடைத்தாலும் சாப்பாடு வரும் வாசலை அடைப்பது அவ்வளவு எளிதில்லையே.

வெங்காயத்திலிருந்து வந்தது

அதே மாதிரி ஆர் நிறைந்த தாள்தான், ஆனால் மேலே பர்க்ஹோல்டேரியா செனோசெப்பேசியா என்று பெயர் இருக்கிறது என்று வையுங்கள். மருத்துவரின் முகம் மாறிவிடும்.

1950-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துத் தாவர நோய் வல்லுநர் வால்டர் பர்க்ஹோல்டர் வெங்காயத்தை அழுகவைக்கும் ஒரு பாக்டீரியாவை விவரித்தார். லத்தீனில் வெங்காயத்துக்கு சேப்பா. அதை வைத்தே செப்பேசியா என்று பெயர். இது ஒரே கிருமி இல்லை, பல இனங்கள் அடங்கிய குடும்பம் என்று பின்னாளில் தெரிந்தது; செனோசெப்பேசியா அதில் ஒன்று. வெங்காயக்காரர்கள் கவலைப்பட வேண்டிய கிருமி, அவ்வளவுதான் என்று இருந்தது. 1984-இல் டொரொன்டோ மருத்துவர்கள், இந்தக் கிருமி பிடித்த சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இளைஞர்களில் சிலர் கடுங்காய்ச்சலும் நிமோனியாவுமாகச் சில வாரங்களுக்குள் இறந்துபோவதை எழுதினார்கள். கிருமி ரத்தத்திலும் கலந்துவிடுகிறது. பொதுவாக சூடோமோனாஸ் அப்படிச் செய்வதில்லை, அது நுரையீரலுக்குள் குடித்தனம் நடத்தும். செப்பேசியா சிண்ட்ரோம் என்று இதற்குப் பெயர் வந்தது.

இந்தக் கிருமி கோலிஸ்டினுக்குப் பிறப்பிலிருந்தே மசியாது. இதன் சில வகைகளுக்குப் பென்சிலினையே உணவாகத் தின்று வளரவும் தெரியும் என்று படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மோசமான செய்தி, இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றியது. அந்தக் காலத்தில் இந்த நோயுள்ள பிள்ளைகளுக்காகக் கோடை முகாம்கள் நடக்கும். தன்னைப்போலவே மாத்திரை விழுங்கி, தன்னைப்போலவே இருமும் இன்னொரு பிள்ளையை அங்கேதான் முதன்முதலாகப் பார்ப்பார்கள். ஒரே வகைக் கிருமி டொரொன்டோவிலும் எடின்பரோவிலும் பரவியிருந்ததை 1990களின் தொடக்கத்தில் மரபணுச் சோதனைகள் காட்டின. முகாம்கள் நின்றன. மருத்துவமனையில் தனித்தனி அறைகள் வந்தன. இன்று இந்த நோயுள்ள இருவர் எங்கே சந்தித்தாலும் ஆறடி தள்ளி நிற்க வேண்டும் என்பது அமெரிக்க சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அறக்கட்டளையின் 2013 வழிகாட்டுதல். கொரோனா காலத்தில் நாம் இரண்டு வருடம் அனுபவித்ததை இவர்கள் முன்பிருந்தே வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள், அதுவும் தங்கள் வலியை நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடிய அதே மனிதர்களிடமிருந்து விலகி.

மாற்று அறுவைக்குப் பிறகு செனோசெப்பேசியா அதே வெறியாட்டத்தை ஆடும். எதிர்ப்பு சக்தியை அடக்கிய உடலில் முதல் சில மாதத்துக்குள்ளேயே ரத்தத்தில் நச்சு பரவிப் பலர் இறந்தார்கள். எனவே உலகின் பெரும்பாலான மையங்கள் இதை வைத்திருப்பவர்களை ஏற்பதில்லை. இதே குடும்பத்து மல்டிவோரன்ஸ் என்ற கிருமி உள்ளவர்கள் அவ்வளவு மோசமாகப் போவதில்லை. ஆகவே செப்பேசியா என்று பொதுவாகச் சொன்னால் போதாது, குடும்பத்தில் எந்தப் பிள்ளை என்று மரபணு பார்த்து உறுதிசெய்ய வேண்டும். சாதாரண ஆய்வக முறையில் ஒன்றை இன்னொன்றாகச் சொல்லிவிட வாய்ப்பிருக்கிறது. அந்தத் தவறில் ஓர் ஆளின் இடமே பறிபோகலாம்.

ஒருவரை மறுப்பது கொடுமையாகத் தெரியும். தானமாக வரும் நுரையீரல் ஒன்று என்றால் காத்திருப்பவர் பலர் என்பது மருத்துவர் தரப்பு நியாயம். அதை மறுக்க எனக்கு வழி தெரியவில்லை. ஆனால் ஒரு ஊரில் கூடாது என்று சொன்னவரை வேறு ஊர் ஏற்றுக்கொள்வதும் நடக்கிறது. 2021-இல் பன்னாட்டு இதய, நுரையீரல் மாற்று அறுவை அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல் செனோசெப்பேசியாவை முழுத் தடை என்று சொல்லவில்லை. ஆபத்து மிக அதிகம், இதில் அனுபவமுள்ள மையங்கள் பரிசீலிக்கலாம் என்கிறது. ஆக முதல் மருத்துவமனையின் பதிலையே கடைசிப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இதற்கிடையில் இன்னொரு பக்கம் நிலைமையே மாறியது. கெட்ட வாசலை, குறிப்பாக எஃப்508டெல் பழுதால் கெட்டதை, சரிசெய்யும் மூன்று மருந்துகளின் கூட்டு மாத்திரைக்கு 2019 அக்டோபரில் அமெரிக்கா அனுமதி தந்தது. பட்டியலில் காத்திருந்த சிலர் மாத்திரை தொடங்கிப் பட்டியலிலிருந்தே வெளியே வந்தார்கள். அமெரிக்காவில் இந்த நோய்க்கான நுரையீரல் மாற்றுகள் இரண்டே ஆண்டில் பாதிக்கும் கீழே இறங்கின. மாத்திரை போட்டாலும் பழைய சூடோமோனாஸ் பெரும்பாலும் முற்றிலும் ஒழிவதில்லை, எண்ணிக்கைதான் சரிகிறது. அறிமுகத்தில் விலை ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலருக்கும் மேல். வாசல் கொஞ்சமாவது கட்டப்பட்டிருந்தால்தான் அதைச் செப்பனிட முடியும். அடியோடு கட்டாத பழுதுகளுக்கு மாத்திரை உதவாது. எஃப்508டெல் மேற்கைப்போல் பரவலாக இல்லாத நம் பக்கத்தில் இந்தக் கடைசி விஷயம் கூடுதலாக உறைக்கிறது.

காசநோயின் ஒன்றுவிட்ட தம்பி

மூன்றாவது பெயர் மைக்கோபாக்டீரியம் அப்செஸ்ஸஸ். காசநோய்க் கிருமியின் உறவு, ஆனால் பெரும்பாலான காசநோய் மருந்துகள் இதனிடம் பலிக்காது. மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும். இதன் தந்திரம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிளாரித்ரோமைசின், அசித்ரோமைசின் வகை மருந்தோடு வைத்து மூன்று நாள் கழித்துப் பார்த்தால் எஸ் என்று வரும். அதே தட்டைப் பதினாலு நாள் வைத்திருந்து பார்த்தால் ஆர். மருந்தின் வாடை பட்ட பிறகுதான் விழித்துக்கொள்ளும் ஒரு மரபணு அதற்குள் இருக்கிறது. அவசரப்பட்டுத் தாளைப் படித்தால் ஏமாந்துபோவோம். சிகிச்சை என்றால் மூன்று நான்கு மருந்துகள் ஒரு வருடத்துக்கும் மேல், அதிலும் சில மாதம் ஊசி. 2013-இல் கேம்பிரிட்ஜ் அருகே பாப்வொர்த் மருத்துவமனை நோயாளிகளின் கிருமிகளை முழு மரபணு வரிசையாகப் படித்தவர்கள், இதுவும் நோயாளிகளிடையே பரவியிருக்க வேண்டும் என்று கண்டார்கள்.

2017-இல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் 15 வயதுப் பெண் ஒருவருக்கு இரண்டு நுரையீரலும் மாற்றினார்கள். அப்செஸ்ஸஸ் அவரிடம் பல வருடமாகக் குடியிருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அது அறுத்துத் தைத்த இடத்தில் கிளம்பியது. கல்லீரலில் வந்தது. கை கால் தோலில் முடிச்சு முடிச்சாக எழுந்தது. கொடுக்க மருந்து இல்லை. அவரது மருத்துவர்கள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் இருக்கும் கிரஹாம் ஹாட்ஃபுல்லைத் தொடர்புகொண்டார்கள். இவர் மருத்துவர் இல்லை. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களைச் சேகரிப்பவர். அவற்றுக்கு பேஜ் என்று பெயர். ஒவ்வொரு பேஜும் குறிப்பிட்ட சில பாக்டீரியாவை மட்டும் தேடி, அதற்குள் தன் மரபணுவைச் செலுத்தி, நூற்றுக்கணக்கில் பெருகி, அதை வெடிக்கவைத்து வெளியே வரும். மனித செல்லைத் தொடாது. கிருமி எந்த ஆன்டிபயாடிக்குக்கு ஆர் என்பது பேஜுக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஹாட்ஃபுல்லிடம் பத்தாயிரத்துக்கும் மேல் பேஜ்கள் இருந்தன. கல்லூரி மாணவர்கள் மண்ணிலும் குப்பையிலும் தேடி, கண்டெடுத்தவரே பெயரும் வைத்தவை. லண்டனிலிருந்து இரண்டு நோயாளிகளின் கிருமி வந்தது. ஒருவருக்குப் பொருத்தமானது அகப்படுவதற்குள் அவர் இறந்துவிட்டார். இந்தப் பெண்ணின் கிருமிக்கு மூன்று கிடைத்தன. அதில் ஒன்றின் பெயர் மட்டி, ஆங்கிலத்தில் சேறு பிடித்தது என்று பொருள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 2010-இல் அழுகிய கத்தரிக்காய் ஒன்றின் அடியிலிருந்து ஒரு மாணவி எடுத்தது. மற்ற இரண்டும் கிருமியைக் கொல்லாமல் அதற்குள்ளேயே அடங்கித் தூங்கிவிடும் குணமுள்ளவை. தூங்கவைக்கும் மரபணுவை வெட்டி நீக்கி அவற்றையும் கொலையாளி ஆக்கினார்கள். மரபணு மாற்றிய பேஜை மனிதருக்குக் கொடுத்தது அதுவே முதல் தடவை. 2018 ஜூனில் தொடங்கி, தினம் இரண்டு வேளை நரம்பு வழியே ஏற்றினார்கள். புண்ணின்மேலும் தடவினார்கள். சில வாரங்களில் கல்லீரல் தெளிந்தது, தோலில் இருந்த முடிச்சுகள் வற்றின, புண் ஆறத் தொடங்கியது. 2019 மேயில் இதை வெளியிட்டபோது கிருமி அடியோடு போய்விட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. அடங்கியிருக்கிறது என்றார்கள்.

உடனே பேஜ்தான் தீர்வு என்று தாவ வேண்டாம். ஒருவரின் அப்செஸ்ஸஸுக்குப் பொருந்தும் பேஜ் அடுத்தவரின் அப்செஸ்ஸஸைச் சீண்டக்கூட மாட்டாது. ஒவ்வொருவருக்கும் தனியாகத் தேட வேண்டும். சிலரின் ரத்தம் பேஜுக்கு எதிராகவே ஆன்டிபாடி தயாரித்துவிடும். இந்தக் கிருமிக் குடும்பத்தின் தொற்றுள்ள இருபது பேருக்குக் கொடுத்துப் பார்த்த அனுபவத்தை 2022-இல் தொகுத்தார்கள். பதினொரு பேருக்கு நல்ல பலன். வேறு வழியே இல்லாதவர்களுக்குத்தான் கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் அது பெரிய எண்தான்.

அதே 2022-இல் அமெரிக்காவின் டென்வரிலிருந்து வந்த செய்தியில் வரிசை மாறியிருந்தது. அப்செஸ்ஸஸ் இருந்ததால் மாற்று அறுவைக்குத் தகுதியில்லாமல் இருந்த 26 வயது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இளைஞர் ஒருவருக்கு, ஆபரேஷனுக்கு முன்பே ஆன்டிபயாடிக்கோடு பேஜும் ஏற்றினார்கள். மட்டியும் அதில் இருந்தது. ஏறத்தாழ நூறு நாளில் சளியில் கிருமி தென்படுவது நின்றது. சிகிச்சை தொடங்கிய 379-ஆம் நாள் இரண்டு நுரையீரலும் மாற்றப்பட்டன. வெளியே எடுத்த பழைய நுரையீரலைத் துண்டு துண்டாக ஆய்வகத்துக்கு அனுப்பி, கிருமி வளர்கிறதா என்று கல்ச்சர் போட்டுப் பார்த்தார்கள். அப்செஸ்ஸஸ் முளைக்கவில்லை.